கப்பலின் அடித்தட்டில் இருந்தவள்

நோர்வேயின் வடக்கு விளிம்பில், மாரியில் சூரியன் எழும்பாமலும் கோடையில் சூரியன் படுக்காமலும் இருக்கிற ஸ்கார்வ்ஹாம்ன் என்ற மீன்பிடி ஊரில், வெளிச்சவீட்டுக்குக் கொஞ்சம் அப்பால், கடலடியில் ஒரு கப்பல் கிடந்தது. அதற்கு ஆனா மார்கரெத்தா என்று பெயர். இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் தரங்கம்பாடியில் மிளகும் துணியும் ஏற்றிக்கொண்டு கொப்பன்ஹேகனுக்குப் புறப்பட்ட அந்தக் கப்பல், பாதி உலகத்தைச் சுற்றி வந்தபிறகு, ஸ்கொட்லாந்துக்கு மேலே பிடித்த புயலில் திசைதவறி, வடக்கே வடக்கே என்று தள்ளப்பட்டு, கடைசியில் இந்த ஊரின் பாறையில் மோதி இறங்கிப்போனது. தண்ணீர் அவ்வளவு குளிர் என்பதால் மரம் உக்கவில்லை, கயிறு அழுகவில்லை, மூட்டைகளில் போட்ட முடிச்சுகள்கூட அவிழவில்லை என்று ஊர் அருங்காட்சியகத்தை நடத்திய சோல்வெய் என்ற பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளும் சுழியோடுகிறவள்தான். ஆனால் கப்பலின் அடித்தட்டுக்கு இறங்கும் துவாரம் ஒடுக்கமானது, அவளோ அகன்ற தோள்காரி. ஆகையால் அவள் குகதாசனைக் கேட்டாள்.

குகதாசன் அந்த ஊரின் சால்மன் பண்ணையில் வேலை செய்தான். வலைகளில் கிழிசல் உண்டா என்று கடலுக்குள் இறங்கிப் பார்ப்பதுதான் அவனுடைய வேலை. மெலிந்த, சின்ன உடம்புக்காரன். வடமராட்சியில் ஒரு கரையோரக் கிராமத்திலிருந்து வந்தவன். அப்பனும் பாட்டனும் கடலோடு கிடந்தவர்கள். அந்த ஊரிலிருந்த முப்பது தமிழ்க் குடும்பங்களுக்கும் அது தெரியும், ஒருவரும் அதை வாயால் சொன்னது கிடையாது. அவன் வீட்டு வாசலில் நின்று சிரித்துக் கதைப்பார்கள், பிள்ளைகளின் படிப்பைக் கேட்பார்கள், அவனுடைய மனைவி பவளராணி தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டால் மட்டும், "ஐயோ, இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்" என்பார்கள். இவ்வளவு வருடமும் அவர்கள் இப்போதுதான் குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

இலையுதிர்காலத்தில், காற்று விழுந்து கிடந்த ஒரு காலையில், குகதாசனும் சோல்வெய்யும் படகிலிருந்து இறங்கினார்கள். கம்பளி உள்ளுடைக்கு மேல் தண்ணீர் புகாத உடை, அதற்கு மேல் இரண்டு சிலிண்டர்கள். முகத்தில் உடை மூடாத இடம் உதடு ஒன்றுதான், அதுவும் தண்ணீர் பட்ட மாத்திரத்தில் தன்னுடையது இல்லாததுபோல் மரத்துப்போனது. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பச்சை வெளிச்சத்திலிருந்து சாம்பல் வெளிச்சத்துக்கும், சாம்பலிலிருந்து டோர்ச் வெளிச்சத்துக்கும் இறங்கினார்கள். கப்பல் சரிந்து படுத்த மாடுபோல் கிடந்தது. சோல்வெய் துவாரத்தின் வெளியே நின்று வழிக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, குகதாசன் தோளைக் குறுக்கி உள்ளே நுழைந்தான். சேறு எழும்பாமல் மெல்லமெல்லக் காலசைத்து, பீங்கான் கோப்பைகள் அடுக்கிய பெட்டிகளையும் துணி மூட்டைகளையும் கடந்து போனான். கடைசி மூட்டைக்குப் பின்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

கறுத்த, எலும்பு தெரிகிற பெண். முப்பது வயது சொல்லலாம். அவிழ்ந்த தலைமயிர் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. டோர்ச் வெளிச்சம் முகத்தில் பட்டதும் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டாள்.

"வெளக்க அந்தப் பக்கம் திருப்புங்க ஆண்டே," என்றாள். "கண்ணு கூசுது."

தண்ணீருக்குள் சத்தம் தெளிவாகவே கேட்கும். குகதாசன் டோர்ச்சைத் திருப்பினான். பிறகு, அங்கே செய்வதற்கு வேறொன்றும் இல்லாதபடியால், கையை நீட்டினான். அவள் கொஞ்சம் யோசித்து, ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மேலே போகும் வழியில், உடம்பில் ஏறிய காற்று வெளியேறுவதற்காகச் சுழியோடிகள் கயிற்றில் தொங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டிய இடத்தில், அவளும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சோல்வெய் தன்னுடைய மாற்று மூச்சுக்குழாயை நீட்ட, வேண்டாம் என்று தலையாட்டினாள். படகில் ஏறியதும் சோல்வெய் அவளைக் கம்பளியால் மூடி, குடுவையிலிருந்து கோப்பி ஊற்றிக் கொடுத்து, சீனி எத்தனை கட்டி என்று கேட்டாள். குகதாசன் மொழிபெயர்த்தான். இருப்பது எல்லாவற்றையும் போடச் சொன்னாள் அந்தப் பெண். அவளுடைய பெயர் காத்தாயி.

ஊர் அவளை ஏற்றுக்கொண்டது, புயலில் ஒதுங்கிய எந்தப் படகையும் அது ஏற்றுக்கொள்வதுபோல. மருத்துவமனையில் ஹேமலதா என்ற டொக்டர் பரிசோதித்தாள். மாயவரத்துக்காரி, அந்த ஊரில் இந்தியாவிலிருந்து வந்த ஒரே ஆள். இதயம் மெதுவாக அடிக்கிறது, உடம்பு கொட் மீனின் குளிர்ச்சியில் இருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறாள், நன்றாகச் சாப்பிட வேண்டும் என்றாள். பொலிஸ்காரர் எப்படி நாட்டுக்குள் வந்தீர்கள் என்று கேட்க, கப்பலில் என்று சொன்னாள். கப்பலின் பெயரும் அது வந்த வருடமும் ஊரிலிருந்த எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நகரசபையில் பிறந்த திகதி கேட்டார்கள். தெரியாது என்றாள். அங்கிருந்த பெண் பழக்கப்பட்ட கையால் ஜனவரி முதலாம் திகதி என்று பதிந்தாள். ஊரிலிருந்த தமிழரில் பாதிப்பேர் அந்தத் திகதியில்தான் பிறந்திருந்தார்கள். நோர்வேஜிய மொழி வகுப்புக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது, பல்லுக்கு இலவச வைத்தியம் வந்தது, பக்கத்து வீட்டுக் கிழவர் தன் செத்த மனைவியின் பனிச்சப்பாத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். காத்தாயி சப்பாத்து மட்டும் போடவில்லை. குளிர் அவளை ஒன்றும் செய்யவில்லை. அவள் உட்கார்ந்து எழும்பிய இடமெல்லாம் உப்புத் தண்ணீரால் நனைந்திருந்தது, ஆகவே ஊரிலுள்ள கடைக்காரரும் பஸ்காரரும் அவளுக்கென்று ஒரு பழைய துவாயை எடுத்துவைத்துக்கொண்டார்கள்.

அவள் குகதாசன் வீட்டின் கீழ் அறையில் இருந்தாள். நிறையச் சாப்பிட்டாள். வெண்ணெய் என்றால் உயிர், அதைக் கரண்டியால் அள்ளித் தின்றாள். பவளராணி ஒடியற்கூழ் காய்ச்சினால் பானையை வழித்துக் குடித்துவிட்டு, இது எங்க ஊர்க் கஞ்சிக்குப் பக்கத்தில் வராது என்று சண்டையும் பிடித்தாள். காரில் ஏறினால் இறங்க மாட்டேன் என்றாள். குகதாசன் வேலைவிட்டு வந்து களைத்துப்போய் இருந்தாலும் அவளை ஏற்றிக்கொண்டு குடாவைச் சுற்றி ஒருதரம் ஓட்ட வேண்டியிருந்தது. இத்தனை மலையும் இத்தனை தண்ணீரும் வைத்துக்கொண்டு ஒரு வயல்கூட வெட்டாத சனம் என்ன சனம் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வருவாள். எல்லோரையும் ஆண்டே என்றே கூப்பிட்டவளை, இந்த வீட்டில் அப்படி வேண்டாம், அவர் உனக்குத் தம்பி, நான் தங்கச்சி என்று பவளராணி திருத்தினாள். இருநூற்றைம்பது வயது மூத்தவளுக்கு அந்த முறை சரியாகவே பொருந்தியது. "தம்பி, வண்டிய எடுங்க," என்பாள் காத்தாயி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு.

இப்படி இருக்கையில்தான் ஊர்த் தமிழ்ச்சங்கத்துக்குப் பெருமை பிடித்தது. சங்கத்தின் தலைவர் சச்சிதானந்தம் மாஸ்டர், நாட்டில் இருந்தபோது கணக்குப் படிப்பித்தவர், மீன் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த முதல் தமிழர்களில் ஒருவர். அதுவரைக்கும் ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் மேடையேறி, நாங்கள் இந்த மண்ணுக்கு வந்து நாற்பது வருடம் என்று பேசிவந்தார். இப்போது அவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார், நாற்பதில்லை, இருநூற்றைம்பது என்று. மீன் வெட்ட வந்த சனம் என்று இனி ஒருவன் எங்களைப் பார்த்துச் சொல்ல ஏலாது, பட்டும் பீங்கானும் கொண்டு வந்த சனம் நாங்கள் என்று. இந்த முறை பொங்கல் விழாவுக்கு மேயரைக் கூப்பிட்டு, காத்தாயியை நடுமேடையில் இருத்திப் பொன்னாடை போர்ப்பது என்று முடிவானது.

பெண்கள் பார்க்க வந்தார்கள். இடியப்பமும் சொதியும், தொதலும் பயற்றம் பணியாரமும் கொண்டு வந்தார்கள், பவளராணியின் கூடத்துக் கதிரைகளில் முதல்முறையாக ஆழமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அவளை எப்படிக் கூப்பிடுவது என்று கொஞ்சம் தடுமாறி, கடைசியில் அம்மா என்றார்கள். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டார்கள்.

"அம்மா எவ்விடம்?"

"தரங்கம்பாடிக்கு மேக்கால."

"அப்பா என்ன செய்தவர்?"

"வயலுதான். எங்க வயலுக்கு எல்லையே தெரியாது."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய வயல்காரர். நல்ல குடும்பம். எங்கட ஆக்கள்தான். அந்த நிம்மதியில் பவளராணி கொண்டுவந்த தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்கள், இன்னொரு கோப்பையும் குடித்தார்கள். சமையலறைக்குள் நின்ற பவளராணி, வெறுமையாகத் திரும்பி வந்த கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் கழுவாமல் நின்றாள். குகதாசனுக்கும் ஒன்றும் குறைவில்லை. கோயில் நிர்வாகத்தில் அவனைச் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலைத் தாண்டி உள்ளே போவது அவனுக்குப் பிடித்திருந்தது, அது அவனை மயக்கியது என்றே சொல்ல வேண்டும்.

ஆண்டே என்ற சொல்லுக்கு மாஸ்டர் பொருள் கண்டுபிடித்திருந்தார். ஆண்டவரே என்பதன் சுருக்கம், பழந்தமிழர் பெரியோரை விளிக்கும் முறை என்றார். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் அவரைக் கண்ட இடத்தில் கைகூப்பி, "வணக்கம் ஆண்டே" என்றன. மாஸ்டரும் தலையை ஒருபக்கம் சாய்த்து ஏற்றுக்கொண்டார்.

மார்கழி முடிகிற சமயம், விழா ஏற்பாடு பற்றிக் கதைக்க எல்லோரும் குகதாசன் வீட்டில் கூடியிருந்த ஒரு ஞாயிறு, ஹேமலதாவும் காத்தாயியின் மருந்தைக் கொடுத்துவிட்டுப் போக வந்தாள். மாஸ்டர் அவளுக்குக் கதிரை காட்டினார். ஒரு சின்னப் பிள்ளை ஓடிவந்து, வணக்கம் ஆண்டே என்று மாஸ்டரைக் கும்பிட்டுவிட்டு ஓடியது. ஹேமலதா சிரித்துவிட்டாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாத, வாய்தவறிய சிரிப்பு.

"ஐயோ சார், கொழந்தைகளுக்கு இத யார் சொல்லிக்குடுத்தா? இது எங்க ஊர் பக்கம் பண்ணையாளுங்க மிராசுதாரக் கூப்பிடற வார்த்தை. எங்க தாத்தாவ வாசலுக்கு வெளிய நின்னு அப்படித்தான் கூப்பிடுவாங்களாம்."

கூடத்திலிருந்த எல்லோரும் காத்தாயியைப் பார்த்தார்கள். அவள் கரண்டியில் இருந்த வெண்ணெயை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு நிறுத்தினாள்.

"ஆமா," என்றாள். "ஆண்டைதான். மழ பேஞ்சா எங்க கையால நாத்து, மழ பேயலன்னா எங்கள வித்துடுவாரு. அந்த வருசம் மழ இல்ல, அவரே கூட்டியாந்து கோட்ட வாசல்ல விட்டுட்டுப் போனாரு. தண்ணி வழிக்குக் கவலப்படாத, கப்பல்ல எல்லாம் இருக்குன்னாரு."

அன்று பவளராணி கொண்டுவந்த தட்டத்துக் கோப்பைகள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன, கையில் வைத்திருக்கப்பட்டன, பிறகு நிறைந்தபடியே தட்டத்தில் திரும்பி வைக்கப்பட்டன. நேரம் போட்டுது என்றார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்றார்கள். ஹேமலதா மட்டும் தான் என்ன செய்துவிட்டோம் என்று விளங்கிக்கொண்டு, சிவந்துபோன முகத்தோடு, தன் கோப்பையை ஒரே மடக்கில் குடித்து முடித்தாள். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

யாரும் யாரையும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சனம் அப்படிச் சொல்கிற சனம் இல்லை. 'அம்மா' என்பது நின்றுபோனது, அவ்வளவுதான். 'அவ' என்று மரியாதையாய்ச் சொல்லிவந்த சொல்லின் கடைசியில் ஓர் ஒற்றெழுத்து வந்து ஒட்டிக்கொண்டு 'அவள்' ஆனது. வாசலில் சப்பாத்துகள் குறைந்தன. மாஸ்டரைக் கண்டால் பிள்ளைகள் வெறுமனே வணக்கம் என்றன.

விழாவுக்கு முதல்நாள் மாஸ்டர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி குகன், மண்டபத்தில சூடு கூட. அவளுக்கு ஒத்துவராது. மேடையில ஏத்திப்போட்டு ஏதும் நடந்தால் மேயருக்கு முன்னால எங்களுக்கெல்லே வெக்கம்."

"டொக்டர் அப்படி ஒண்டும் சொல்லேல்லையே, மாஸ்டர்."

"டொக்டர் சொல்ல மாட்டா. நாங்கள்தான் யோசிக்க வேணும். சாப்பாட்டுப் பந்தியில சனம் என்ன சொல்லும் எண்டும் பார்க்க வேணும். நீங்கள்தான் பக்குவமாய்ச் சொல்ல வேணும். உங்கட வீட்டிலதானே இருக்கிறாள்." குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு விளங்கும்தானே தம்பி, இதெல்லாம்."

குகதாசனுக்கு விளங்கியது. அந்தக் கடைசி வசனம் எவ்வளவு பழையது என்றும், அது எந்தக் கரையிலிருந்து புறப்பட்டு எத்தனை கடல் தாண்டி இந்தத் தொலைபேசிக்குள் வந்திருக்கிறது என்றும் விளங்கியது. அவன் வாசலைப் பார்த்தான். இன்னும் மூன்று நான்கு சோடிச் சப்பாத்துகளாவது ஞாயிற்றுக்கிழமைகளில் கிடக்கின்றன.

"ஓம் மாஸ்டர்," என்றான்.

கீழ் அறைக்குப் போய், காத்தாயியின் முகத்தைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சனம் கூடவாம், சூடாம், உனக்கு ஒத்துக்கொள்ளாதாம், சாப்பாட்டை நானே கொண்டுவந்து தருகிறேன் என்றான். அவள் கோபப்பட்டிருந்தால் அவன் அதைத் தாங்கியிருப்பான்.

"அதுக்கென்ன ஆண்டே," என்றாள். "நீங்க எல்லாரும் சாப்புட்டு எந்திரிங்க. நான் பின்பக்கமா வந்து வாங்கிக்கிறேன்."

பொங்கலன்று நண்பகலிலும் சூரியன் இல்லை, தெற்கே மலைக்குப் பின்னால் ஒரு நீல வெளிச்சம் வந்து நின்றுவிட்டுப் போனது. பள்ளிக்கூட மண்டபத்தில் பதாகை தொங்கியது. 'இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வந்த தமிழ்மகளை வரவேற்கிறோம்' என்று எழுதியதில் பாதியைக் கடதாசிப் பூக்களால் மறைத்திருந்தார்கள். மாஸ்டர் பேசினார், பிள்ளைகள் ஆடின, மேயர் கைதட்டினார். பிறகு நீண்ட மேசைகளில் வாழையிலை போல் வெட்டிய பச்சைக் கடதாசி விரித்துச் சோறு போட்டார்கள். மேயருக்கு ஒரு பக்கம் மாஸ்டர், மறுபக்கம் சோல்வெய், எதிரில் குகதாசனும் பவளராணியும்.

சோல்வெய்தான் முதலில் கண்டாள். மண்டபத்தின் பின்கதவு கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே, பனியில், வெறுங்காலோடு காத்தாயி நின்றாள். கையில் பவளராணியின் கூழ்ப் பானை. கதவைத் தட்டவில்லை, உள்ளே எட்டிப் பார்க்கவுமில்லை. கொஞ்சம் ஒதுங்கி, யாராவது வெளியே வந்தால் தன்மேல் படாத தூரத்தில், எங்கே நிற்க வேண்டும் என்று உடம்புக்கே தெரிந்த ஓர் ஆளைப்போல் நின்றாள். நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். ஒரு மேசை திரும்பிப் பார்த்தது, பிறகு அடுத்த மேசை, பிறகு மண்டபம் முழுவதும்.

"அவர்தானே இன்றைய விருந்தாளி?" என்று மேயர் கேட்டார். "ஏன் வெளியே நிற்கிறார்?"

"அவருக்குக் குளிர்தான் பிடிக்கும்," என்றார் மாஸ்டர், நல்ல நோர்வேஜிய மொழியில்.

சோல்வெய் மாஸ்டரைப் பார்க்கவில்லை. அவள் குகதாசனைத்தான் பார்த்தாள். கடலுக்குள் ஒருவரின் கயிற்றை மற்றவர் பிடிக்கிறவர்கள் அவர்கள். "அப்படியா?" என்று கேட்டாள்.

"ஆம்," என்றான் குகதாசன்.

நூறு தமிழர் அந்தச் சொல்லைக் கேட்டார்கள், அதில் ஒருவர்கூட அது பொய் என்று தெரியாதவர் இல்லை, ஒருவர்கூட மறுக்கவும் இல்லை. எல்லோரும் தங்கள் தங்கள் பச்சைக் கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பவளராணி எழுந்தாள். தன் சோற்றை இரண்டு கையாலும் கடதாசியோடு தூக்கிக்கொண்டாள். நடந்தாள். கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள். உள்ளே வந்த குளிரில் முதல் வரிசையின் மெழுகுதிரிகள் அணைந்தன. வெளியே அவள் பனியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, காத்தாயியைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தி, ஒரு கவளத்தைத் தான் தின்று மறு கவளத்தை அவளுக்கு நீட்டுவதைக் கண்ணாடிக்குள் இருந்து எல்லோரும் பார்த்தார்கள். குகதாசனும் பார்த்தான். எழும்ப நினைத்தான். எழும்பவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் காத்தாயி சொன்னாள், தான் கீழே போக வேண்டும் என்று.

"இன்னும் கொஞ்சநாள் இருந்து பார் அக்கா," என்று பவளராணி அழுதாள்.

"பாத்தாச்சு தங்கச்சி. மேல எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லுன்னுதான் என்ன அனுப்பிச்சாங்க. எல்லாரும் உக்காந்திருக்காங்கல்ல."

"ஆர் எல்லாரும்?" என்றான் குகதாசன்.

"எங்க தெருதான். நான் இருந்த இடத்துக்கும் பின்னால. நீங்க அவ்வளவு தூரம் வரல."

இந்தச் செய்தி மறுநாளே முப்பது வீடுகளுக்கும் போனது. ஆட்கள் திரும்ப வந்தார்கள், இம்முறை சப்பாத்தைக்கூடக் கழற்ற நினைவில்லாமல் பனியோடு கூடத்துக்குள் வந்தார்கள். ஒருத்தி புதுச் சேலை கொண்டு வந்தாள். ஒருத்தி வெண்ணெய் கொண்டு வந்தாள். மாஸ்டர் பொன்னாடையையே கொண்டு வந்துவிட்டார். அடுத்த வருடம் மேடையில் என்றார். நாங்கள் அப்படி ஆட்கள் இல்லை என்று கீழே சொல்லுங்கோ அம்மா என்றார். அம்மா என்ற சொல் வரும்போது அவருடைய குரல் பிசகியது. காத்தாயி அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரிங்க ஆண்டே," என்றாள். மாஸ்டர் பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு அதன் சரிகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைத் திருப்பி வீட்டுக்கு எடுத்துப்போவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

சூரியன் மலைமேல் விளிம்பு காட்டிய முதல் கிழமையில் அவர்கள் இறங்கினார்கள். சோல்வெய் கயிற்றோடு துவாரத்தில் நின்றாள். குகதாசன் காத்தாயியின் கையைப் பிடித்து உள்ளே போனான், கடைசி மூட்டைக்கு அப்பாலும் போனான். அங்கே டோர்ச்சைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும் என்று இப்போது அவனுக்குத் தெரிந்திருந்தது. தாழ்ந்த வெளிச்சத்தில் முழங்கால்கள் தெரிந்தன. வரிசையாக, நெருக்கமாக, கிழவரின் முழங்கால்கள், பெண்களின் முழங்கால்கள், குழந்தைகளின் முழங்கால்கள். எல்லோரும் காத்தாயி வருவதைக் கண்டு கொஞ்சம் ஒதுங்கி, அவள் இருந்த இடத்தை விட்டுக்கொடுத்தார்கள்.

அவள் உட்காரவில்லை. அவன் பக்கம் திரும்பினாள்.

"நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள். "நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றதயே சொல்லிப்புடுறேன்."

குகதாசனின் வாய்க்குள் மூச்சுக்குழாய் இருந்தது. அதைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான், விட்டால் கடல் உள்ளே வரும். நிலத்தில் இருந்தபோது, நூறு பேருக்கு முன்னால், வாய் வெறுமையாக இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியது எல்லாம் அந்த ரப்பருக்குப் பின்னால் வந்து முட்டியது. குமிழிகள்தான் வெளியேறின. அவள் பொறுமையாக நின்றாள். காத்திருப்பது அவளுக்குப் புதிதில்லை. காற்று குறைகிறது என்று மணிக்கட்டிலிருந்த கருவி காட்டியது, சோல்வெய் வெளியிலிருந்து கயிற்றை இழுத்தாள், மறுபடி இழுத்தாள். அவன் கையைக் கூப்பினான். தடித்த கையுறைகளுக்குள் அது கும்பிடுபோலவும் தெரியவில்லை. பிறகு திரும்பிப் போனான்.

மேலே போகும் வழியில் அந்தக் காத்திருக்கும் இடம் வந்தது. அதற்கு மேல் உடனே போக முடியாது, போனால் இரத்தம் நுரைக்கும். கீழேயும் போக முடியாது. குகதாசன் கயிற்றில் தொங்கினான். அங்கே, தண்ணீருக்குள் சத்தம் தெளிவாகக் கேட்கும் என்பதால், எல்லாம் கேட்டது. காத்தாயி சீனியைப் பற்றிச் சொன்னாள். வெண்ணெயைப் பற்றிச் சொன்னாள். மாடில்லாமல் ஓடுகிற வண்டியைப் பற்றிச் சொன்னபோது குழந்தைகள் சிரித்தன. ஒரு தங்கச்சி இருந்தாள், தங்கமானவள் என்றாள். நம்ம பேச்சுப் பேசுற சனம் நெறைய இருக்கு என்றாள்.

ஒரு கிழவரின் குரல் கேட்டது. "சோறு போட்டாங்களா?"

"போட்டாங்க."

"எங்க வச்சு?"

"பின்னால வச்சு," என்றாள் காத்தாயி.

கிழவர் மூச்சு விட்டார். கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. ஒரு சந்தேகம் தீர்ந்த ஆளின் மூச்சு.

"அப்ப கப்பல் இன்னும் கெளம்பல," என்றார். "சும்மா உக்காருங்க எல்லாரும்."

படகில் ஏறியதும் சோல்வெய் அவனுடைய முகமூடியைக் கழற்றிவிட்டாள். அவளுக்கும் அந்தக் குரல்கள் கேட்டிருந்தன, பொருள்தான் தெரியாது. என்ன கதைத்தார்கள் என்று கேட்டாள். குகதாசன் மரத்துப்போன உதடுகளைக் கையால் தேய்த்துச் சூடேற்றி, ஒரு சொல் விடாமல் நோர்வேஜிய மொழியில் சொன்னான். பிறகு, அவள் கேட்காமலே, "அவளுக்குக் குளிர் பிடிக்கும் என்று நான் சொன்னது பொய்," என்றான். "நாங்கள்தான் வெளியே விட்டோம். நான்தான் போய்ச் சொன்னேன்."

"தெரியும்," என்றாள் சோல்வெய். படகைக் கரைப்பக்கம் திருப்பினாள்.

துறைமுகத்தில் முப்பது குடும்பங்களும் நின்றன. பெண்கள் பாய்களும் போர்வைகளும் கொண்டு வந்திருந்தார்கள், ஆண்கள் கார்களைச் சூடேற்றி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள், எத்தனை பேர் வந்தாலும் ஏற்றிப்போகலாம் என்பதுபோல. படகில் இரண்டே பேர் வருவதைக் கண்டதும் மாஸ்டர் முன்னால் வந்தார்.

"என்னவாம் தம்பி?"

"கப்பல் இன்னும் வெளிக்கிடேல்லையாம்," என்றான் குகதாசன்.

மாஸ்டருக்குப் பின்னால் கார்களின் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. பவளராணி மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கணவனுடைய முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எத்தினை பேர் இருக்கினம்?"

"டோர்ச் எட்டின மட்டும்," என்றான் அவன்.